கடைசி பெஞ்சுக்கு நான்கெல்லை

ஒரே ஒரு கல்யாணத்துக்காக என் அப்பாவைக் கோயிலில் இருந்தவர்களும் தள்ளிவைத்தார்கள், கோயிலே கூடாது என்றவர்களும் தள்ளிவைத்தார்கள். அது அவருடைய கல்யாணமும் இல்லை, எங்கள் வீட்டுக் கல்யாணமும் இல்லை. ஆனால் அதில் அகப்பட்டுக்கொண்டு முழித்தது என் கல்யாணம்.

வலங்கைமானுக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் தமிழாசிரியர். உயரம் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. குரல் மட்டும் ஆறடிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆண்கள் பக்கத்து மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், முப்பது வருஷமாக அவர் இடம். அவருக்கு நேர் பின்னால் ரைஸ்மில்காரர் உட்காருவார். சபைக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். பாவம், அத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகைத்தான், பிரசங்க பீடத்தை இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எந்த வயலில் பார்த்தாலும் ஏதாவது ஒரு கொடி நட்டிருக்கும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஒரு கொடி, குத்தகையை விட்டு வெளியேற மாட்டேன் என்று ஒரு கொடி. ரைஸ்மில் வாசலில்கூட மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு கொடியை நட்டு ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். அதற்குத் தலைவனாக இருந்த பையன் அப்பாவிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், ஒரு பண்ணையாளின் மகன். அவன் குத்தகைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தியை விரும்பினான். சாதி வேறு. எந்தப் புரோகிதரும் வரமாட்டார், எந்தச் சாமியும் வராது. கறுப்புச் சட்டைக்காரர்கள்தான் முன்நின்று, தை மாத அறுவடை முடிந்த களத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகுகாலமாகப் பார்த்துக் கல்யாணத்தை வைத்தார்கள். தலைமை தாங்க யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டபோது, பையன் "எங்க வாத்தியாரு" என்று சொல்லிவிட்டான்.

நோட்டீசில் அப்பாவின் பெயர் மணமக்கள் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார்.

பத்து நிமிஷம் பேசச் சொன்ன இடத்தில் நாற்பது நிமிஷம் பேசினார். சாதி, கூலி, பெண்ணுரிமை எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்தார். மாலையை எடுத்துக் கொடுத்தார். கைதட்டல் வானத்தைத் தொட்டது. அதோடு இறங்கியிருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம் விடவில்லை. மைக்கைப் பிடித்தபடியே கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று ஆரம்பித்து, கால் மணி நேரம் ஜெபம் செய்து, "ஆமென்" என்று முடித்தார். முன்வரிசையில் இருந்த பெண்களில் பாதிப் பேர் கூடவே "ஆமென்" சொன்னார்கள்.

கறுப்புச் சட்டைத் தலைவர் மேடையிலேயே தலையில் கைவைத்துக்கொண்டார். "வாத்தியாரே, ராகுகாலம் பாத்து வச்சதையே வீணாக்கிட்டீங்களே!" என்றார். இனி எந்த மேடையிலும் அப்பாவை ஏற்றுவதில்லை என்று அவர்கள் அன்றைக்கே முடிவு செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. கடவுள் மறுப்புக் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கினார் என்பது குற்றச்சாட்டு. நோட்டீசை மேசைமேல் வைத்தவர் ரைஸ்மில்காரர்.

அப்பா கேட்டார்: "கடவுள் இல்லாத கல்யாணம்னு எப்படிச் சொல்றீங்க? நாந்தான் ஜெபம் பண்ணேனே."

"அது மைக்ல பண்ண ஜெபம். அதெல்லாம் கணக்குல வராது" என்றார் ரைஸ்மில்காரர்.

போதகர் நல்ல மனிதர். வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கமிட்டியில் ஒன்பது பேர். ஏழு பேர் ரைஸ்மில்லில் நெல் அரைக்கிறவர்கள். அவர் என்ன செய்வார்? தீர்ப்பு எழுதப்பட்டது. அப்பா சபை முன்னால் வந்து நின்று, அந்தக் கல்யாணத்துக்குப் போனது தப்பு என்று சொல்லும்வரை அவருக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. உட்காரும் இடம் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சு. அப்படித் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கென்றே எங்கள் கோயிலில் இருந்த பெஞ்சு அது. அதற்கு ஒரு கால் ஆடும். அதுவரை அவர் வீட்டு நல்லது கெட்டது எதுவும் கோயிலில் நடக்காது.

அந்தக் கடைசி வரியில்தான் நான் இருந்தேன். பொங்கலுக்கு முன்பே எனக்குத் திருவாரூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. வைகாசியில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் கோயிலில் சத்தமாக வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். ஓலை வாசிக்காவிட்டால் கல்யாணம் இல்லை. தள்ளிவைத்த வீட்டுக்கு ஓலை இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேங்க. மனசுல இல்லாட்டியும் வாயால சொல்லுங்க" என்று அம்மா தினமும் இரண்டு வேளை கேட்டாள், காப்பிக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு ஒரு தடவை. அப்பா இரண்டையும் வாங்கிக்கொள்வார், பதில் மட்டும் சொல்லமாட்டார்.

ஆனால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஒரு ஞாயிறு தவறவில்லை. "சபைக்குக் கட்டுப்படறது வேற, தப்புன்னு ஒத்துக்கறது வேற" என்றார். அங்கிருந்தே பாடினார். பின்னாலிருந்து அந்தக் குரல் வந்ததும் முன்னால் இருந்தவர்களெல்லாம் தாளம் தப்பிப்போனார்கள். அடுத்த வாரமே போய் ஒரு வக்கீலைப் பார்த்தார்.

வக்கீலின் குடும்பம் ஒரு காலத்தில் பக்கத்து ஊர் மிராசு. நிலமெல்லாம் குத்தகைக்காரர்கள் கைக்குப் போனபிறகு, போன நிலத்துக்கான வழக்குகளைப் படித்துப் படித்தே அவர் வக்கீலாகிவிட்டார் என்று சொல்வார்கள். குத்தகை வழக்கில் புலி. கோயில் வழக்கு என்றால் என்னவென்று தெரியாது.

அப்பா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "திருவிருந்து கொடு, ஓலை வாசின்னெல்லாம் கோர்ட் சொல்லாது சார். அது சடங்கு. கோர்ட்டுக்கு வேண்டியது சொத்து. உங்களுக்கு அந்த சர்ச்சுல சொத்து ஏதாவது உண்டா?"

"எனக்கென்ன சொத்து? முப்பது வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே இடத்துலயா? இடையில யாரும் ஆட்சேபம் பண்ணலையே?"

"இல்ல."

"அப்ப அனுபோகம் இருக்கு!" என்று தொடையில் தட்டினார்.

பிராது தயாரானது. எனக்கு இன்றைக்கும் அதில் பாதி மனப்பாடம். வாதி முப்பது வருஷமாக இடைவிடாமல், யாதொரு இடைஞ்சலுமின்றி அனுபவித்து வரும், கீழே விவரம் கண்ட தபசில் சொத்துக்கு நான்கெல்லை போட்டிருந்தார்கள். கிழக்கே பிரசங்க பீடம், மேற்கே ரைஸ்மில்காரர், வடக்கே நடைபாதை, தெற்கே ஜன்னல். இதற்குட்பட்ட மூன்றாவது பெஞ்சில் தென்கோடி இரண்டடி. அந்த இரண்டடியிலிருந்து வாதியை வெளியேற்றக் கூடாது என்று நிரந்தரத் தடை வேண்டும். வயலுக்குப் போடுகிற அதே பிராதுதான். வாய்க்கால் பாசனம் என்ற வரியை மட்டும் அடித்திருந்தார்.

செய்தி பரவியதும் எங்கள் சபைக்கே பெஞ்சுப் பித்துப் பிடித்தது. இருக்கிற இடத்தில் உரிமை உண்டு என்றால் யார்தான் விடுவார்கள்? எட்டு மணி ஆராதனைக்கு ஆறு மணிக்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பெண்கள் பக்கம் பாயிலும் சண்டை வந்தது. ஒருத்தி சனிக்கிழமையே தன் துண்டை விரித்துவிட்டுப் போனாள். "உழுறவனுக்கு நிலம்னா உக்காந்தவனுக்குப் பெஞ்சு" என்று வாலிபர் சங்கத்தில் கோஷமே போட்டார்கள். ரைஸ்மில்காரர் தன் குடையை வார நாளிலும் நான்காவது பெஞ்சிலேயே விட்டுவைத்தார். மேற்கு எல்லை அவர்தானே.

முன்சீப், நிலவரத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு கமிஷனரை நியமித்தார். கமிஷனர் என்றால் வேறொன்றுமில்லை, ஓர் இளம் வக்கீல். ஒரு ஞாயிறு காலை, நாங்கள் இரண்டாம் பாட்டில் இருக்கும்போது, நில அளவைச் சங்கிலியும் கையுமாகக் கர்ணத்தையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். போதகர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. சங்கிலி ஒரு பக்கம் கலகலக்க, நாங்கள் பாடிக்கொண்டே இருந்தோம். ஐந்து சரணப் பாட்டு, முதல் சரணத்துக்கு மறுபடி போய் ஏழு சரணமாயிற்று. கர்ணம் மூன்றாவது பெஞ்சை அளந்தார். தென்கோடியில் யாரும் இல்லை.

"வாதி எங்கே?" என்றார் கமிஷனர்.

"இங்க இருக்கேங்க!" என்று வாசலோரத்திலிருந்து வெண்கலக் குரல் கேட்டது.

கமிஷனர் அங்கே போய் அந்த ஆடுகிற பெஞ்சையும் நான்கு புறமும் அளந்து எழுதிக்கொண்டார். அப்பா எழுந்து நின்று சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து வேறு உதவினார்.

இதைக் கேட்டபோது வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். "கமிஷனர் வர்ற அன்னைக்கு ஏர் பூட்டி வயல்ல நிக்கணும்னு இந்த ஜில்லாவுல கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும் வாத்தியாரே! அன்னைக்கு ஒரு நாள் மூணாவது பெஞ்சுல உக்காரக் கூடாதா?"

"சபை உத்தரவு இருக்கே. அத மீறலாமா?" என்றார் அப்பா.

"சபை உத்தரவு செல்லாதுன்னுதானே கேஸ் போட்டிருக்கோம்!"

"செல்லாதுன்னு கோர்ட் சொல்லட்டும். அப்பறம் மாறி உக்கார்றேன்."

அறிக்கை போயிற்று. வாதி கடைசி பெஞ்சில் அமர்ந்திருக்கக் கண்டேன் என்று கமிஷனர் எழுதியிருந்தார். அதைப் படித்த முன்சீப், மேல் உத்தரவு வரும்வரை தற்போதைய நிலை அப்படியே நீடிக்க வேண்டும், வாதி இப்போது இருக்கும் இடத்திலிருந்து மாற்றப்படவோ மாறவோ கூடாது என்று சொல்லி, கோடை விடுமுறைக்கு அப்பால் வாய்தா போட்டுக் கோர்ட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். என் அப்பா தன் செலவில், தன் வக்கீலை வைத்து, கடைசி பெஞ்சுக்குக் கோர்ட் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கெட்டதிலும் கெட்டது, இதற்குள் போதகர் மனம் இளகியிருந்தார். எப்படியாவது அப்பாவை முன்னால் கூப்பிட்டு, நாலு வார்த்தை பேசி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். இப்போது ரைஸ்மில்காரர் உத்தரவின் நகலை நீட்டினார். "அவரை முன்னால கூப்பிட்டா கோர்ட் அவமதிப்பு ஐயா. ஜெயிலுக்குப் போறது நீங்கதான்." போதகர் பயந்துபோனார். ஓலை உட்பட, மேலே எதையும் தொடுவதில்லை என்று நிறுத்திவிட்டார்.

திருவாரூரிலிருந்து ஒரு கார்டு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற உபதேசியார். வருகிற ஞாயிறு முதல் ஓலை வாசிக்காவிட்டால் கர்த்தருடைய சித்தம் வேறு என்று எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தார். மாப்பிள்ளை அதில் ஒரு 'நலம்' கூடச் சேர்க்கவில்லை. கல்யாணமான பிறகு நாற்பது வருஷம் அவரிடம் இதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் கார்டை எறிந்தேன். "எவனோ ஒருத்தன் கல்யாணத்துல போய் ஆமென் சொன்னீங்க. எனக்காக ஒரு தடவை தப்புன்னு சொல்லக் கூடாதா?"

அப்பா கார்டை எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். சிவப்பு மையால் அதில் ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தினார். கைப் பழக்கம். பிறகு சொன்னார்: "சொல்லிடலாம்மா. என்ன, ஒரு நிமிஷ வேலை. ஆனா அந்தப் பொண்ணு இப்ப முழுகாம இருக்கு. பெத்தவங்க வீட்டுல வாசப்படி ஏறவிடல. அவ கல்யாணத்த நடத்தி வச்சவன் நான். அது தப்புன்னு நானே போய் மைக் இல்லாம சொன்னா, நாளைக்கு அந்தப் பிள்ளைய என்னன்னு கூப்பிடுவாங்க? இந்த மாதிரிக் கல்யாணம் செல்லும்னு கவர்மெண்டே சட்டம் போட்டாச்சு. நடத்தி வச்சவன் செல்லாதுன்னு சொல்றதா?"

எனக்குக் கோபம் போகவில்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் இன்னும் கூடியது. அப்படியே பஸ் ஏறி வக்கீல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"உங்க உத்தரவை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. ஒவ்வொரு வரியா" என்றேன்.

அவர் வாசித்தார். வாதி இருக்கும் இடத்திலிருந்து மாறக் கூடாது, மாற்றப்படக் கூடாது. அவ்வளவுதான்.

"ஓலை வாசிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

"இல்லம்மா. நம்ம பிராதே அந்த ரெண்டடியப் பத்திதானே. நான்கெல்லைக்கு வெளியில யார் என்ன வாசிச்சா என்ன?"

"போதகர் நடக்கக் கூடாதுன்னு இருக்கா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "போதகர் வாதியும் இல்ல, பெஞ்சும் இல்ல. அவர் பாட்டுக்கு எங்க வேணாலும் நடக்கலாம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே போதகர் வீட்டுக்குப் போனேன். "அப்பா முன்னால வரக் கூடாதுன்னுதானே ஐயா உத்தரவு. நீங்க பின்னால வரக் கூடாதுன்னு இல்லையே" என்றேன். அவர் உத்தரவின் நகலை எடுத்து மறுபடி படித்தார். பிறகு, "அந்தக் கல்யாணத்தை அவர் தப்புன்னு சொல்ல மாட்டாரே" என்றார். "மாட்டார்" என்றேன். அழுதுவிட்டேன். எவ்வளவு கோபக்காரிக்கும் அழுகை வரும்.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் போதகர் பீடத்திலிருந்து இறங்கினார். எங்கள் வழக்கத்தில் தள்ளிவைக்கப்பட்டவர்தான் வாசலிலிருந்து பீடம்வரை எல்லார் பார்வையும் மேலே விழ நடந்துபோக வேண்டும். அந்த நடைதான் பெரிய தண்டனை. அன்றைக்கு அங்கியோடு போதகர் நடந்தார், பீடத்திலிருந்து வாசல்வரை. ரைஸ்மில்காரர் எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். எழுந்தால் இடம் போய்விடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்துவிட்டார்.

போதகர் கடைசி பெஞ்சின் முன் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்: "வாத்தியார் ஐயா, சகோதரங்க மேல உலகக் கோர்ட்டுல வழக்குப் போட்டீங்களே, அதுக்காக மனஸ்தாபப்படுறீங்களா?"

கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பெஞ்சின் காலைப் பார்த்தார், ரைஸ்மில்காரரின் தலையைப் பார்த்தார்.

"மனசாரப் படறேன்யா" என்றார். அவர் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக எதையும் சொல்லியிருக்க மாட்டார். சபையே சிரித்துவிட்டது. போதகர் அவர் தலையில் கைவைத்தார். கைவைப்பதற்கு, எழுந்து நின்ற அப்பா கொஞ்சம் குனியவேண்டியிருந்தது. அங்கேயே நின்றபடி என் ஓலையை முதல் தடவை வாசித்தார்.

கல்யாணத்தன்றைக்கும் கோர்ட் திறக்கவில்லை. உத்தரவு அப்படியே இருந்தது. அதனால் மாப்பிள்ளையும் நானும் பீடத்துக்குப் போகாமல் வாசல் பக்கம் கடைசி பெஞ்சின் முன்னால் நின்றோம். சபை முழுதும் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தது. முதல் பெஞ்சுக்கு ஆறு மணிக்கே வந்து இடம் பிடித்தவர்களெல்லாம் கடைசியாகிவிட்டார்கள். உபதேசியார் மாமனார், "உங்க ஊர்ல இப்படித்தான் வழக்கமா?" என்று அம்மாவைக் கேட்டார். "ஆமாங்க, கோடையில மட்டும்" என்றாள் அம்மா.

என் கையைப் பிடித்துக் கொடுத்த பிறகு, பெண்ணின் தகப்பனார் ஒரு சிறு ஜெபம் செய்வார் என்று போதகர் சொன்னார். அப்பா கண்ணை மூடினார். அழுகையில் குரல் இரண்டு மூன்று தடவை நின்றது. கடைசியில் எப்படி முடிப்பதென்று தெரியாமல் கையைக் கூப்பி, "நன்றி, வணக்கம்" என்றார். பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

அது அந்தப் பையன். மில் தொழிலாளி. பெஞ்சாதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். உள்ளே வரலாமா என்று தெரியாமல் இருவரும் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தார்கள். எல்லாரும் திரும்பி உட்கார்ந்ததில் எங்களுக்கு ஆக அருகில் நின்றவர்கள் அவர்கள்தான்.

எங்கள் கல்யாணப் போட்டோவில் பீடம் இல்லை, சிலுவை இல்லை. திறந்த கதவும் செருப்புக் குவியலும் இருக்கின்றன. என் பக்கத்தில் அப்பா. அவர் பக்கத்தில், நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்ததால் போட்டோவில் விழுந்துவிட்ட அந்தப் பெண், நாலு மாத வயிற்றைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நிற்கிறாள். இவளுடைய கல்யாணம் தப்பு என்று சொல்லச் சொல்லித்தான் நான் அப்பாவிடம் கார்டை எறிந்தேன். அவர் சொல்லவில்லை. அந்தப் போட்டோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் மகள் என்பதில் சந்தோஷமாகவும் இருக்கிறது.